ஒரு முன்பல் வந்து இன்னொன்று வரவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் வேலூர்ப் பக்கம், விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்ததோடு பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். மேல் முன்பற்கள் 7, 8 வயதில் வரும். ஒரு பக்கம் வந்து 6 மாதமாகியும் மறுபக்கம் வெறும் ஈறாகவே இருந்தால், ‘மெதுவா வரட்டும்’ என்று விடாதீர்கள், உள்ளே ஒரு கூடுதல் பல் வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

கூடுதல் பல் அதிகம் வருவது மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில்தான், அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு. சிலருக்குக் கூம்பு வடிவில் அண்ணத்தில் எட்டிப் பார்க்கும், பிள்ளை நாக்கால் அதை நெருடிக்கொண்டே இருக்கும். அதிர்ஷ்டப் பல் என்று பாட்டி சொன்னாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், வெளியே ஒன்று தெரிந்தால் உள்ளே இன்னொன்றும் இருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் இடைவெளியை மூட க்ளிப் போடச் சொல்லி நிற்பதும் தவறு. அந்த வயதில் முன்பற்களுக்கு நடுவே கொஞ்சம் சந்து இருப்பது சகஜம், கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாக மூடிவிடும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று குடியாத்தம், ஆம்பூர் பக்கமெல்லாம் இன்னும் பயப்படுகிறார்கள். பல்லுக்குப் போவது ஐந்தாம் கபால நரம்பு, பார்வைக்கு இரண்டாவது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் கோரைப்பல். எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் வலியே இருக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பிள்ளைக்கு 10 வயதானதும் கையைக் கழுவிக்கொண்டு, மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறை வெளிப்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் நிலையான கோரைப்பல், இரண்டு பக்கமும் கெட்டியாக ஒரு புடைப்பாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, இரண்டிலுமே இல்லாவிட்டாலோ வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பல் பிரிவோ தெருமுனை க்ளினிக்கோ, உடனே காட்டுங்கள். அந்த நிலையான பல் அண்ணத்துப் பக்கம் திரும்பிப் பக்கத்துப் பல்லின் வேரையே அரித்துவிடும் வாய்ப்பு உண்டு. சீக்கிரம் தெரிந்தால் பால் கோரைப்பல்லை எடுத்தாலே பல பிள்ளைகளுக்குப் பல் தன் வழிக்குத் திரும்பிவிடும். தாமதித்தால் ஈறைத் திறந்து, பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பரீட்சை, திருவிழா என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பழைய எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாதீர்கள், பல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும்.