வாளையாரில் இழுப்பைக் கணக்கெடுக்கும்போது

லாரிப் புகைக்கும் பிள்ளைகளின் அலர்ஜிக்கும் என்ன தொடர்பு என்று, தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் வாளையார் பக்கம் ஆராய வருகிறவர்கள் முதலில் செல்போனில் மேப்பைத் திறந்து, வீட்டுக்கும் ஹைவேக்கும் எத்தனை மீட்டர் என்று பார்க்கிறார்கள். சரி, வண்டிப்புகை சில நூறு மீட்டரில் வெகுவாகக் கரைந்துவிடும், தூரம் முக்கியம்தான். ஆனால் இது பாலக்காட்டுக் கணவாய். ஆடியில் காற்று மேற்கேயிருந்து தள்ளும், மார்கழியில் கிழக்கேயிருந்து. லாரி நிற்கிற இடத்திலிருந்து ஒரே தூரத்தில், இரு பக்கமும் உள்ள இரண்டு வீடுகளுக்கு ஒரே புகை கிடையாது. ஒரு மாதம் மட்டும் கருவி வைத்து அளந்துவிட்டு வருடக் கணக்கு எழுதுவது இங்கே எடுபடாது. பிள்ளை பகலெல்லாம் பள்ளியில் இருப்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய வம்பு கேள்வித்தாளில். ஒரு அம்மாவிடம் “பையனுக்கு இழுப்பு வருங்களா?” என்று கேட்டேன். “ஐயோ, ஃபிட்ஸெல்லாம் இல்லீங்க” என்றார். டிவி மேல் பையனின் இன்ஹேலர் இருந்தது! தமிழில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பும் உண்டு, வலிப்பும் உண்டு. மலையாளத்தில் ஆஸ்துமாவுக்குச் சொல்லும் ‘வலிவு’ நம் காதுக்குப் பலம். 1990களில் பல நாடுகளில் பிள்ளைகளின் ஆஸ்துமா, அலர்ஜி பற்றி நடந்த ‘ஐசாக்’ (ISAAC) ஆய்வு நோயின் பெயரை மட்டும் நம்பவில்லை. கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசில் சத்தம் வந்ததா என்றும் கேட்டது. நாமும் சத்தத்தைக் கேட்பதே நல்லது.

விசில் கேட்டாலே அலர்ஜி என்றும் எழுதிவிடக் கூடாது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் வைரஸ் சளியால் வருவது அது. அலர்ஜி என்று சொல்ல, தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் 3 மி.மீ. தடிப்பாவது வேண்டும், சோதனைக்குச் சில நாள் முன்பே, டாக்டரிடம் கேட்டு, செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும்.

விறகடுப்பு, கொசுவத்தி, அப்பாவின் பீடி இவற்றைக் கேட்காமல் எல்லாப் பழியையும் லாரி மேல் போடுவது சோம்பேறித்தனம்.

அப்புறம், காலம். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் வரிச் சோதனைக்காக லாரிகள் காத்துக்கிடப்பது ஓய்ந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளை கைக்குழந்தையாகச் சுவாசித்த காற்றை இன்றைய அளவீடு சொல்லாது. இழுப்பு தாங்காமல் ரோட்டோர வீட்டைக் காலி செய்து உள்ளே போன குடும்பங்களும் உண்டு. இன்றைய விலாசத்தை வைத்தால் புகையே படாதவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது, பிள்ளை பிறந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று.