குமரி முனையோடு திரும்பிவிடாதீர்கள்: கடற்கரைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத விடுமுறையில் சேலத்திலிருந்து என் சித்தப்பா பேத்தியை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்கு வந்திருந்தார். சூரியன் கடலுக்குள் இறங்குவதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் நாகர்கோவிலிலிருந்து போய்ச் சேர்ந்தபோது இருவரும் முக்கடல் சங்கமத்துப் படிக்கட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் இறங்கியது. ஆனால் கடலில் அல்ல, மேற்குக் கரையின் தென்னைகளுக்குப் பின்னால். "கடலுக்குள்ளே போகும் என்று சொன்னாயே, தம்பி" என்றார் சித்தப்பா. எந்த மாதம் வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கன்னியாகுமரியில் ஆண்டு முழுவதும் சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறையும் என்று நம்பி வருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கோடையில் சூரியன் வடமேற்குப் பக்கம் ஒதுங்கி மறைகிறது. குமரி முனையிலிருந்து கரையும் மணக்குடி, முட்டம் என்று சற்றே வடக்காகச் சாய்ந்தபடி மேற்கே ஓடுகிறது. அதனால் அந்த மாதங்களில் சூரியன் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். ஐப்பசியிலிருந்து மாசி வரை தென்மேற்கில் சாய்வதால், முனையில் நின்றே கடலில் மறைவதைப் பார்க்கலாம். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் மறையும் வேளையில் கிழக்கே முழுநிலா எழுவதைக் காணக் கூட்டம் திரள்வது தனிக் கதை. கோடையில் வருகிறவர்கள் முட்டத்துக்குப் போங்கள். அங்கே கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால் மே மாதத்திலும் சூரியன் நீரில்தான் இறங்கும். மறுநாள் மாலை சித்தப்பாவை அங்கேதான் அழைத்துப் போனேன். செம்பாறைகளின் மேல் அந்தி வெயில் விழுந்து, சூரியன் கடைசியாக ஒரு நகக்கீற்று அளவுக்கு மிஞ்சியிருந்தபோது குழந்தை மூச்சுவிடாமல் நின்றாள்.

முட்டம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே அலை மோதும் பாறையில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். பாசி பிடித்த பாறையில் செருப்பும் நிற்காது, வெறுங்காலும் நிற்காது. அதைவிடப் பெரிய தவறு, கடல் அமைதியாகத் தெரிகிறதே என்று எந்தக் கரையிலும் குளிக்க இறங்குவது. எங்கள் பக்கத்தில் 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் உண்டு. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாகவே இருக்கும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல்காற்று எழுப்பிய நெடிய அலைகள் சில நாள் பயணம் செய்து, திருடனைப்போலச் சொல்லாமல் வந்து கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். கள்ளக்கடல் வரப்போவதை ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்பும் முன் அந்த அறிவிப்பைப் பாருங்கள். கரைக்கு வந்ததும் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவரிடம் கேளுங்கள். சங்குத்துறையில் ஒருமுறை நான் கால் நனைக்கப் போனபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு பெரியவர் சொன்னார்: "மக்களே, இன்றைக்கு வேண்டாம். அலை இடைவெளி விட்டு வருகிறது." நான் கண்டதெல்லாம் சாதுவான நீர். அலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்; அந்த இடைவெளி நீண்டால் வருவது தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் அலை. அன்றிலிருந்து கேட்காமல் நான் கால் வைப்பதில்லை.

அடுத்த தவறு, முனையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவது. மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளம். கிரேக்கப் பயண நூலான பெரிப்ளுஸ், குமரியை நீராடி நோன்பிருக்க மக்கள் வரும் இடம் என்று கிட்டத்தட்ட 2000 ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்தது. அதற்குப் பின் நடந்தவற்றின் தடயங்கள் கரை நெடுகக் கிடக்கின்றன. 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது குளச்சலில். ஒரு ஐரோப்பிய வல்லரசு இந்திய மன்னர் ஒருவரிடம் தோற்றுப்போன அந்த ஊரில் இன்று ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. அதைத் தேடி வருகிறவர் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். அங்கே சிறைபிடிக்கப்பட்ட டச்சுப் படைத்தளபதி டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படை பயிற்றுவித்தார், கோட்டைகள் கட்டினார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. தக்கலைப் பக்கம் போகிறவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அவர் கைபட்ட இன்னொரு கோட்டை, முனைக்கு வடகிழக்கே 6 கிலோமீட்டரில் உள்ள வட்டக்கோட்டை. பெயரைப் பார்த்து வட்டமாகத் தேடாதீர்கள், அது நீள்சதுரம். மதிலின் மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி மடிப்புகள். கீழே மணல் கறுப்பாக இருக்கும். அது அழுக்கு அல்ல, இல்மனைட் தாது. கார்னெட் என்னும் தாது சேர்ந்தால் அதே மணல் சிவப்பாகத் தெரியும். மணவாளக்குறிச்சியில் இந்தத் தாதுமணலைப் பிரித்தெடுக்க ஒரு மத்திய அரசு நிறுவனமே இயங்குகிறது. மோனசைட் என்னும் தாது கலந்த மணலில் இயற்கையான கதிரியக்கமும் உண்டு. ஆகவே நினைவுக்காகப் பையில் அள்ளிக்கொண்டு போக வேண்டாம். பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை போன்றவை யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. விற்றவரைப் போலவே வாங்கி வைத்திருப்பவரும் குற்றவாளிதான்.

படகு விஷயம். விவேகானந்தர் பாறைக்குப் போவதைப் பயணத்தின் கடைசி நாளுக்கு, அதுவும் பிற்பகலுக்குத் தள்ளி வைப்பவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். கடல் சீறினாலும் படகு ஓடாது, நீர்மட்டம் தாழ்ந்தாலும் ஓடாது. வந்த முதல் நாள் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். முன்பெல்லாம் 133 அடி திருவள்ளுவர் சிலைக்குப் படகு பல நாள்கள் ஓடாது. 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பின் பாறையிலிருந்து நடந்தே சிலைக்குப் போகலாம். பலரும் காலடியில் தெரியும் கடலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக, மேலே சிலையின் 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்குமாக என்று கணபதி ஸ்தபதி கணக்கிட்டுச் செதுக்கியிருக்கிறார். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. திங்கள்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

மீன் சாப்பிடவே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஒரே மாவட்டத்தில் இரண்டு காலமாக வருகிறது. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் இருக்கும் மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்கே தடை என்றால் ஏப்ரல், மே மாதங்களில் குளச்சலுக்குப் போங்கள். மேற்கே தடை நடக்கும் ஜூன் பிற்பாதியிலும் ஜூலையிலும் சின்னமுட்டத்தில் படகு திரும்பும் நேரம் கேட்டுவைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய் நில்லுங்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையில் நெத்திலியும் சாளையும் எந்த மாதமும் கொஞ்சமாவது கிடைக்கும்.