தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் கான்கிரீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவது எப்படி

விரிசல் விட்டால் அதைத் தானே அடைத்துக்கொள்ளும், அதாவது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் கான்கிரீட்டை விற்க வருபவர் பெரும்பாலும் அந்த விரிசலை அடைக்கும் பாக்டீரியாவைப் பற்றியே பேசத் தொடங்குகிறார். எதிரே இருக்கும் கட்டமைப்புப் பொறியாளரோ நீர்க்கசிவைப் பற்றியும், கம்பியின் அளவைப் பற்றியும், நாளை சுவர் ஒழுகினால் யார் பொறுப்பு என்பதைப் பற்றியும் கேட்கிறார். ஆகவே எந்தக் கட்டுமானத்தில், எத்தனை மில்லிமீட்டர் விரிசலை ஆற்றி, எந்தச் செலவைக் குறைக்கப்போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொண்ட பிறகே சந்தையில் இறங்க வேண்டும்.

அடுத்தது, ஆற்றும் முறையைத் தேர்ந்தெடுப்பது. எந்தக் கான்கிரீட்டும் ஓரளவு தானாக ஆறக்கூடியதுதான்: வினைபுரியாமல் எஞ்சிய சிமென்ட் துகள்களில் தண்ணீர் படுவதாலும், கால்சியம் ஹைட்ராக்சைடு கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிவதாலும் 0.1 மி.மீ. அளவிலான மெல்லிய விரிசல்கள் அடைபடுகின்றன. இந்த இயல்பைக் கூட்டுவதற்காகச் சிமென்ட் எடையில் சுமார் 1 சதவீதம் சேர்க்கப்படும் படிகக் கலவைப்பொருட்கள் நெடுங்காலமாகச் சந்தையில் உள்ளன. பாக்டீரியா முறையை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் 2006 முதல் வளர்த்தெடுத்தார். உறக்கநிலையில் உள்ள பாக்டீரியா வித்துகள், விரிசல் வழியே தண்ணீர் நுழைந்ததும் விழித்து, உடன் வைக்கப்பட்ட கால்சியம் லாக்டேட்டை உண்டு சுண்ணாம்புக்கல்லைப் படியவைக்கின்றன. டெல்ஃப்ட் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், நீரில் வைத்த 100 நாட்களில் 0.46 மி.மீ. வரையிலான விரிசல்கள் மூடின. பாக்டீரியா இல்லாத மாதிரியில் 0.18 மி.மீ. வரைதான் மூடின. ஆனால் வித்துகளை வெறுமனே கலந்தால், சிமென்ட் இறுகும்போது சுருங்கும் நுண்துளைகளில் அவை சில மாதங்களிலேயே நசுங்கிவிடும்; அவற்றைக் காக்க உப்பவைத்த களிமண் உருண்டைகளில் ஏற்றினாலோ, ஜல்லியின் இடத்தை அந்த உருண்டைகள் பிடித்துக்கொண்டு வலிமையைக் குறைக்கின்றன. விரிசல் வரும்போது உடைந்து அதை அடைக்கும்படி, பிசின் நிரப்பிய குப்பிகளைப் புதைக்கும் முறை ஆய்வகத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் கலவை இயந்திரத்தின் சுழற்சியில் குப்பிகள் உடையாமல் தப்புவது கடினம். புதிதாகத் தொழில் தொடங்குபவர், ரெடிமிக்ஸ் ஆலையின் நடைமுறையை மாற்றாமல் மூட்டையிலிருந்து நேரே கொட்டக்கூடிய தூளைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

முதல் சந்தை தண்ணீர் இருக்கும் இடமாக இருக்கட்டும். ஆறுவதற்கு ஈரம் தேவை. உலர்ந்த அறையின் உத்தரத்தில் இந்தப் பொருளுக்கு வேலையே இல்லை. நீர்த்தொட்டி, நிலத்தடித் தளம், சுரங்கப்பாதை, மண் தாங்கும் சுவர் ஆகியவையே ஏற்றவை. கான்கிரீட் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய வடிவமைப்புத் தரமான யூரோகோட் 2 பெரும்பாலான சூழல்களில் வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டுக்கு 0.3 மி.மீ. விரிசலை அனுமதிக்கிறது. நீர்த்தேக்கக் கட்டுமானங்களுக்கான அதன் 3ஆம் பகுதியோ, சுவரின் தடிமனுக்கும் நீரின் உயரத்துக்கும் ஏற்ப, ஊடுருவும் விரிசலின் அகலத்தை 0.2 முதல் 0.05 மி.மீ. வரை இறுக்குகிறது. இந்த இறுக்கத்துக்காகவே சுவரில் நெருக்கமாகக் கூடுதல் கம்பி கட்டப்படுகிறது. 0.3 மி.மீ. விரிசலும் நம்பகமாக மூடிக்கொள்ளும் என்று நிரூபிக்க முடிந்தால் அந்தக் கம்பியில் ஒரு பகுதி தேவையற்றதாகிவிடும். உண்மையான வணிகம் இங்கேதான் இருக்கிறது. கன மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டால் நீங்கள் தோற்பீர்கள். கம்பி, நீர்ப்புகாப் படலம், பின்னர் விரிசலில் ஊசிவழி ஏற்றும் பிசின், அதற்காகத் தடைப்பட்டு நிற்கும் வேலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழுச் சுவரின் விலையை ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

பசுமைப் பொருள் என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருகிறது. ஆற்றும் தூளைச் சேர்ப்பதால் மட்டும் அது குறைந்துவிடாது. கம்பியும் பழுதுபார்ப்பும் குறைவதாலும், சிமென்டின் மூலப்பொருளாகச் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரின் பங்கைக் குறைப்பதாலுமே குறையும். கிளிங்கருக்குப் பதிலாகச் சேர்க்கும் உலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும் கால்சியம் ஹைட்ராக்சைடைச் செலவழித்துவிடுவதால் ஆறும் திறன் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு கலவையையும் தனியே சோதிக்க வேண்டும். யூரியாவைப் பயன்படுத்தும் பாக்டீரியா முறை அம்மோனியாவை வெளியிடும் என்பதையும் மறைக்கலாகாது. ஐ.எஸ்.ஓ. 14025, இ.என். 15804 தரங்களின்படி தயாரித்த, சரிபார்க்கப்பட்ட சுற்றுச்சூழல் அறிக்கை கையில் இல்லாமல் டெண்டருக்குப் போவது வீண்.

சோதனையை நேர்மையாக வடிவமைக்க வேண்டும். கம்பி வைத்த வார்ப்புகளை வளைத்து 0.1, 0.2, 0.3, 0.4 மி.மீ. எனத் திட்டமிட்ட விரிசல்களை உண்டாக்கி, பாதியை நீரில் மூழ்கவைத்தும், மீதியை நனைத்து உலர்த்தும் சுழற்சியிலும் வைக்க வேண்டும். சில வாரங்களில் விரிசலின் உதடுகளில் வெள்ளைப் படிவம் தெரியும்; புகைப்படம் எடுப்பவர்கள் அதோடு மகிழ்ந்து நின்றுவிடுகிறார்கள். மேற்பரப்பு மூடியிருந்தும் உள்ளே வழி திறந்திருக்கலாம் என்பதால், நீரழுத்தம் கொடுத்து ஒழுகும் அளவை முன்னும் பின்னும் அளப்பதே சான்று. தூள் சேர்த்த கலவையின் ஸ்லம்ப் எனப்படும் இளக்க அளவு, இறுகும் நேரம், 28 நாள் வலிமை ஆகியவற்றையும் ஆலையின் வழக்கமான கலவையோடு அருகருகே வெளியிடுங்கள். ரெடிமிக்ஸ் ஆலைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு களச்சோதனை. கார்டிஃப் பல்கலைக்கழகம் வழிநடத்திய ஆய்வுக் குழு 2015இல் வேல்ஸின் ஏ465 சாலைப் பணியிடத்தில், பல ஆற்றும் முறைகளைச் சோதனைச் சுவர்களாக எழுப்பி ஒப்பிட்டது. பின்பற்றத்தக்க வழி அது. வழக்கமான கலவையில் ஒரு சுவரும், உங்கள் கலவையில் ஒரு சுவரும் ஒரே வாரத்தில், ஒரே ஆட்களால் வார்க்கப்பட வேண்டும். இதற்குக் கட்டி விற்றுவிட்டுப் போகும் நிறுவனத்தைவிட, கட்டியதைப் பல பத்தாண்டுகள் தானே பராமரிக்கும் குடிநீர், நெடுஞ்சாலை, ரயில் அமைப்புகளை அணுகுவது நல்லது.

ஒப்பந்தத்தில் வரம்புகள் எழுத்தில் இருக்க வேண்டும்: தொடர்ந்து அசையும் விரிசலுக்கும், வடிவமைப்புப் பிழையால் வந்த விரிசலுக்கும் உத்தரவாதம் இல்லை, மூடிய விரிசல் நீரைத் தடுக்கும், இழந்த வலிமையை முழுமையாகத் திருப்பித் தராது. காத்திருப்புக் காலத்தையும் குறிப்பிடுங்கள். முதல் கசிவைக் கண்டதும் மேற்பார்வையாளர் பதறிப் பிசினை ஏற்றிவிட்டால், ஆறியிருக்குமா என்பதை யாரும் அறிய முடியாது. எனவே கசிந்த இடங்களை எண்ணிட்டு, அகலத்தை அளந்து, குறித்த வாரங்கள் கழித்து மீண்டும் அளந்த பிறகும் ஒழுகுபவற்றை மட்டும் உங்கள் செலவில் அடைத்துத் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள்.