பழைய ஏர் ரைபிளுக்கு எந்தப் பெல்லட் பொருந்தும்? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய வீட்டுப் பரண்களில் ஒரு ஏர் ரைபிள் கிடப்பது அபூர்வமில்லை. எஸ்டேட் காலத்து பி.எஸ்.ஏ., டயானா போன்ற வெளிநாட்டுத் துப்பாக்கி, அல்லது அதே அச்சில் இங்கே செய்த ஒன்று. துடைத்து எடுத்து நாலு குண்டு சுட்டுவிட்டு, "வயசாயிடுச்சுங்க, குறி நிக்கல" என்று திரும்பப் பரணில் போட்டுவிடுவார்கள். ஈயக் குண்டு எஃகுக் குழலை அவ்வளவு எளிதில் தேய்த்துவிடாது. பெரும்பாலும் கோளாறு இரண்டு இடத்தில்தான்: தளர்ந்த திருகாணி, பொருந்தாத பெல்லட் (அந்த ஈயக் குண்டுதான்).

முதலில் சட்டம். குழல் துளை 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்படாமல், குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. குழலின் மேல் 0.22 அல்லது 5.5 என்று பொறித்திருந்தால் கதை வேறு. காவல் நிலையத்தில் விசாரிக்காமல் தொடாதீர்கள். தோட்டத்துக்கு வரும் குரங்கு, மலை அணில், காட்டுப்பன்றி எதையும் இதனால் சுடக்கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இந்தச் சின்னக் குண்டு அந்த விலங்கைக் கொல்லவும் கொல்லாது. காயம் சீழ் பிடித்து நாள்கணக்கில் துடிக்க விடும். இங்கே நாம் சுடப்போவது காகிதத்தை மட்டும்.

துப்பாக்கியைத் தயார் செய்தல்

கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகாணிகளை இறுக்குங்கள். குழலை மடக்கினால் ஸ்பிரிங் இறுகி, விசையை இழுத்ததும் அது பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் வகை இது; அந்த அதிர்வில் இவை தாமாகவே தளரும். அடுத்து, குழலை மடக்கும் மூட்டில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை வைத்துச் சுடும்போது தாள் துள்ளினால் வாஷர் வழியாகக் காற்று கசிகிறது. அதை மாற்றாமல் பெல்லட் சோதனையில் இறங்குவது வீண்.

பழைய துப்பாக்கிகளில் பிஸ்டன் வாஷர் தோலால் ஆனது. காய்ந்து போயிருந்தால் ஓரிரு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானால் அறைக்குள் எண்ணெய் எரிந்து 'டமார்' என்று சத்தம் வரும், புகை வரும், வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். அந்தச் சத்தம் அடங்கும்வரை சுட்டுத் தள்ளிவிட்டுப் பிறகு சோதனையைத் தொடங்குங்கள். குழலுக்குள் நூலில் கட்டிய பருத்தித் துணியை இழுத்தால் போதும். இரும்பு பிரஷ் வேண்டவே வேண்டாம்.

பெல்லட் போடாமல் ஸ்பிரிங்கை விடுவிக்காதீர்கள், பிஸ்டன் நேராக உலோகத்தில் மோதும். பெல்லட்டைச் செருகும்போது மற்றொரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மடக்கிய குழல் சடாரென்று நிமிர்ந்தால் விரல் போய்விடும்.

பெல்லட் வாங்குதல்

பெல்லட்டைக் கூர்ந்து பாருங்கள். நடுவில் ஒடுங்கிய இடுப்பு, முன்னால் தலை, பின்னால் பாவாடை. தலை குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள் வரிகளில் பிடித்துச் சுழல்கிறது. பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கிறது. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் விற்பதன் காரணம் இதுதான். உங்கள் குழல் எதை விரும்புகிறது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். டப்பாவின் விலை அதைச் சொல்லாது.

மூன்று நான்கு வகை வாங்குங்கள். பழைய, வேகம் குறைந்த ஸ்பிரிங்குக்கு 7 முதல் 8.5 கிரெயின் (சுமார் 0.45 முதல் 0.55 கிராம்) எடைதான் என் முதல் தேர்வு. 10 கிரெயினுக்கு மேல் போனால் ஸ்பிரிங் திணறும், குண்டு சீக்கிரம் தாழும். ஒரு வகையாவது தட்டைத் தலையாக இருக்கட்டும்: காகிதத்தில் வட்டமாக வெட்டிய துளை விழும், அளக்க வசதி. சுடும் முன் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். நல்லது சீராக வளைந்து ஓடும், பாவாடை நசுங்கியது தடுமாறும். தடுமாறியதை ஒதுக்கிவிடுங்கள்.

சுடும் இடம்

மலையில் இருப்பவர்களுக்கு இயற்கையே தடுப்பு தந்திருக்கிறது. படிக்கட்டுத் தோட்டத்தின் மண் சுவருக்கு எதிரே 10 மீட்டர் அளந்து கொள்ளுங்கள். முன்னால் மண் நிரப்பிய உருளைக்கிழங்குச் சாக்கு, அதில் குறித்தாள். கல், தகரம் மீது சுட்டால் குண்டு திரும்பி வரும்; கண்ணாடி அணிவது கட்டாயம். தோட்டத்துக்குக் கீழே பாதையோ ஊற்றோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். விழுந்த ஈயத்தைப் பொறுக்கி எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காலையில் மஞ்சு விலகி, காற்று எழும் முன் நேரம் சிறந்தது. ஊட்டி, நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று ஓய்வதே அரிது. குறித்தாள் பக்கத்தில் ஒரு நூலைத் தொங்கவிடுங்கள், ஆடும்போது சுடாதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் அழுத்தக் கிடைக்கும் காற்றும் குறைவு, ஆகவே வேகம் சற்றுக் குறையும். அடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்காரர் புகழும் பெல்லட் உங்கள் ஊரிலும் ஜெயிக்கும் என்று எண்ணாதீர்கள்.

சோதனை

ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதைக்கும், அதுவும் குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே. அதனால் இறுகப் பிடிக்கக் கூடாது. மணல் பை மேல் இடது கையை வைத்து, விரித்த உள்ளங்கையில் கட்டையை ஒரு குழந்தையைத் தாங்குவதுபோலத் தாங்குங்கள். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் இருக்க வேண்டும்; கட்டையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வகை மாறும்போதெல்லாம் பத்துக் குண்டு சும்மா சுடுங்கள்; பழைய வகையின் ஈயப் பூச்சு போய்ப் புதியது படியட்டும். பிறகு ஒரே குறியில் ஐந்து குண்டு சுடுங்கள், அது ஒரு கொத்து; அப்படி மூன்று கொத்து. எல்லா வகையும் முடிந்ததும் அதே வரிசையைத் தலைகீழாகத் திரும்பச் சுடுங்கள். தோள் களைப்பதும் வெயில் ஏறுவதும் கடைசி வகையை மட்டும் பாதிக்காமல் இருக்க இது ஒன்றே வழி.

கொத்தில் மிகத் தள்ளி நிற்கும் இரு துளைகளின் வெளி விளிம்புக்கு இடைத்தூரத்தை அளந்து, 4.5 மி.மீ. கழித்துக் குறியுங்கள். கொத்து எங்கே விழுந்தது என்பதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள், எவ்வளவு நெருங்கி விழுந்தது என்பதே முக்கியம். ஒரே ஒரு அருமையான கொத்தைக் கண்டு மயங்காமல் சராசரியைப் பாருங்கள். தொலைநோக்கி இல்லாத சாதாரணக் குறிக்கண்ணோடு 10 மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள், அதாவது சுமார் 22 மி.மீ.க்குள் நின்றால் பழைய துப்பாக்கிக்கு அது நல்ல கணக்கு. துளைகள் மேலும் கீழுமாக நீண்டால் வேகம் மாறுகிறது, எண்ணெயையும் வாஷரையும் சந்தேகியுங்கள். பக்கவாட்டில் நீண்டால் காற்று, அல்லது விசையை இழுக்கும் விரல்.

வென்ற வகை தெரிந்த பின்தான் பின்குறியை (கண்ணுக்கு அருகில் உள்ள குறிக்கண்) திருப்ப வேண்டும். குண்டு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, பின்குறியும் அந்தப் பக்கமே நகரும்.

டப்பாவில் அச்சிட்ட தொகுதி எண்ணைக் குறித்து வைத்து, அதே எண்ணில் இன்னும் இரண்டு டப்பா வாங்கிவிடுங்கள். தொகுதி மாறினால் தலை அளவும் மாறக்கூடும். துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்துத் திறந்த அலமாரியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் தோல் உறைக்குள் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும்.