இடுப்பு அகலமா? வெயிலுக்கு இப்படித் தைத்துப் பாருங்கள்

எனக்குத் தோள் குறுகல், இடுப்பு அகலம். நேர்வெட்டு குர்த்தி உட்காரும்போதெல்லாம் இழுத்துப் பிடிக்கும். சென்னைக் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வையும் சீக்கிரம் காயாது. பாலியஸ்டர் என்றால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சரி, தைத்தே போடலாம் என்று தி.நகரில் மல் காட்டன் என்ற மெல்லிய பருத்தித் துணி எடுத்தேன்.

"அண்ணா, ஏ-லைன் வெட்டு. மார்புக்குக் கீழிருந்தே விரியட்டும், சைடு ஓப்பன் இடுப்புக்கு மேலேயே ஆரம்பிக்கட்டும்."

"தண்ணியில நனைச்சு, காயவெச்சு எடுத்துட்டு வாம்மா. இல்லன்னா அப்புறம் சுருங்கிடும்" என்றார் தையல்காரர். காட்டனுக்கு இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கழுத்தை அகலமாக வைத்ததில் தோள் எடுப்பாகத் தெரிகிறது. நீளம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இடுப்பின் அகலமான இடத்தில் குர்த்தியின் கீழ் ஓரம் முடிந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். லைனிங்கும் காட்டன்தான். இப்போது மின்சார ரயிலில் உட்கார்ந்து எழுந்தாலும் குர்த்தியை இழுத்துவிட வேண்டியதில்லை.