வீட்டில் இருக்கும் முதியவரிடம் தள்ளாமையை அளந்து பார்ப்பது எப்படி

"வயசாயிருச்சு, தள்ளாமை, அவ்வளவுதான்" என்று மதுரைப் பக்கத்து வீடுகளில் சொல்லி விட்டுவிடுகிறோம். வயது மட்டுமே அதற்குக் காரணமில்லை. தசையும் எடையும் தெம்பும் ஒருசேரக் குறைந்து, ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்கி மீள முடியாத நிலைக்கு உடல் வருவதே தள்ளாமை. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெருமளவு மீட்கக்கூடியது என்பதால், படுத்த படுக்கையாவதற்கு முன்பே அளந்து பார்ப்பது அவசியம்.

முதலில் ஐந்து கேள்விகள். கடந்த 4 வாரங்களில் பெரும்பாலான நேரம் அசதியாக இருந்ததா? உதவியின்றியும் நிற்காமலும் 10 படி ஏறுவது சிரமமா? தெருமுனைக் கடை வரை, அதாவது சில நூறு மீட்டர், நடப்பது சிரமமா? சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவாதம், ஆஸ்துமா போன்றவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ உண்டா? ஓராண்டில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததா? மூன்றுக்கோ அதற்கு மேலோ "ஆம்" என்றால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ என்றால் அதன் விளிம்பு.

கேள்விகளை முதியவரிடமே கேளுங்கள். மகனும் மருமகளும் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். அவரோ "எனக்கென்னய்யா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஆகவே சொல்லை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்க்க வேண்டும். எடைக்கருவி இல்லாத வீட்டில், முழங்கை வரை ஏறிப்போகும் வளையலும், இடுப்பில் நிற்காமல் மறுபடி மறுபடி இறுக்கிக் கட்டப்படும் வேட்டியும் எடைக்குறைவைக் காட்டிக்கொடுத்துவிடும். தையற்காரர் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து, 31 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தசை கரைந்திருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

நடையே சிறந்த அளவுகோல் என்பது என் கருத்து. பட்டாசாலையிலோ (வீட்டுக் கூடம்) வாசலிலோ 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னிருந்து தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தாண்டியும் சற்று நடக்கச் சொல்லுங்கள். "வேகமா வேணாம்மா, எப்பவும் போல வாங்க" என்று சொன்னால் போதும், கைத்தடி வைத்துக்கொள்ளலாம். கோட்டிலிருந்து கோட்டுக்கு 5 விநாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்திருக்கிறது. ஈரத் தரையிலும் சித்திரை மாத உச்சிவெயிலிலும் இதைச் செய்யாதீர்கள்; விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

தள்ளாமை தெரிந்தால் எல்லா மாத்திரை அட்டைகளுடனும் மருத்துவரைப் பாருங்கள். உடல் மெலிந்த பிறகும் பழைய அளவிலேயே தொடரும் சர்க்கரை மாத்திரை, சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, பல் இல்லாமல் மெல்ல முடியாமை, துணையை இழந்த மனச்சோர்வு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் பணியாளரிடமே இதைக் கேட்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும், கஞ்சியோடு நின்றுவிடாமல் முட்டை, பருப்பு, சுண்டல் சேர்ந்த உணவும் தசையை மீட்க உதவும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

இரண்டொரு நாளில் திடீரென நடை நின்றாலோ பேச்சு குழறினாலோ அதைத் தள்ளாமை என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மற்றபடி நடைநேரத்தையும் கெண்டைக்கால் அளவையும் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள்.