எண்ணெய் பிரிக்கும் சவ்வும் சவர்க்காரமும்

எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் சவ்வு செய்ய ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எங்கள் காலத்தில் நடந்த அதே பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

தாமரை இலை மோகம்

தண்ணீர் ஒட்டாத பரப்புத்தான் எல்லோருடைய முதல் தெரிவு. ஆனால் மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் மிதப்பவை. மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் அடியில் போய்ச் சவ்வின்மேல் படுத்துவிடும். எண்ணெய்க்கு வழி கிடைக்காது. குளோரோபோம் போலக் கனமான திரவம் என்றால் சரி. மற்றவைக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்து எண்ணெயைத் தள்ளும் பரப்பே வேண்டும்.

காய்ந்த சவ்வில் எண்ணெய்

வேண்டாம். முதலில் தண்ணீரில் நனையுங்கள்.

சுத்தமான எண்ணெயில் மட்டும் சோதிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஹெக்சேன் என்ற எண்ணெயில் சூடான் சிவப்புச் சாயம், தண்ணீரில் மெத்திலீன் நீலச் சாயம். நீலம் கீழே இறங்கும், சிவப்பு மேலே நிற்கும். தண்ணீருக்கடியில் எண்ணெய்த் துளியின் தொடுகோணமும் (துளி பரப்பைத் தொடும் கோணம்; கூடக்கூடத் துளி ஒட்டாது) 150 பாகையைத் தாண்டிவிட்டால், வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒருமுறை கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனம் கழுவும் இடமொன்றிலிருந்து கழிவுநீர் எடுத்துவந்தோம். சாம்பல் நிறம், மேலே நுரை. ஒரு தம்பி மாதக்கணக்கில் பூச்சுப் பூசிய வலைச் சவ்வில் ஊற்றினால், மேலே இருந்த கலங்கல் அப்படியே கீழே வந்தது. காரணம் சவர்க்காரம்.

கணக்கைப் பாருங்கள். துளை எண்ணெயைத் தடுத்துநிறுத்தும் அழுத்தம், இரண்டு திரவங்களுக்கும் இடையிலான இழுவிசையைப் பொறுத்தது. ஹெக்சேனுக்கும் தண்ணீருக்கும் அது மீற்றருக்கு ஏறக்குறைய 50 மில்லிநியூட்டன். 50 மைக்ரோமீற்றர் துளை கூடியபட்சம் 40 சென்ரிமீற்றர் நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கும். சவர்க்காரம் இழுவிசையை இருபதில் ஒரு பங்காக்கினால் மிஞ்சுவது 2 சென்ரிமீற்றர்! போதாக்குறைக்கு எண்ணெய் சில மைக்ரோமீற்றர் துளிகளாக உடைந்து பால்மமாகிவிடும். அந்தத் துளிகளுக்கு 50 மைக்ரோமீற்றர் துளை திறந்த கதவு. நேரேற்றச் சவர்க்காரம் என்றால் இன்னும் மோசம். எதிரேற்றப் பரப்பில் அதன் மூலக்கூறு நேரேற்றத் தலையை ஒட்டி, எண்ணெயை விரும்பும் வாலை வெளியே நீட்டிவிட்டால், தண்ணீரை விரும்பிய பரப்பே எண்ணெயை விரும்பத் தொடங்கும்.

ஆகவே தயவுசெய்து, பூச்சைத் தெரிவுசெய்யும் கட்டத்திலேயே சவர்க்காரம் கலந்த பால்மத்தில் சோதியுங்கள். துளியின் அளவை அளந்தபிறகு துளையின் அளவைத் தீர்மானியுங்கள். தொடுகோணப் படம் அப்புறம்.

முதல் சில நிமிடங்களின் பாய்ச்சல்

சவ்வினூடாகத் தண்ணீர் பாயும் அந்த வேகத்தை அறிக்கையில் போடாதீர்கள். எண்ணெய் படியப் படியப் பாய்ச்சல் விழும். மணிக்கணக்கில் ஓடவிட்டு, கழுவி, மறுபடியும் ஓடவிட்டு வரும் அளவைப் போடுங்கள்.